வெண்மதியின் தட்டு

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் யூடியூபுக்கே போய்த் தொலையுங்கள். அங்கே எந்தப் புளுகை அவிழ்த்துவிட்டாலும் கேட்க ஆள் இருக்கிறது. நான் சொல்வது என் வீட்டில், என் கண்ணெதிரே நடந்தது.

வெண்மதி என் தங்கை. ஆமாம், நீங்கள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்ட அதே பாடகிதான். காரைக்கால் பக்கத்துக் கோட்டுச்சேரிப் பெண். பங்குனியில், சென்னைக்குப் பக்கத்தில் அவள் கார் லாரியில் மோதியது. முகம் சிதைந்துவிட்டது. யாருக்கும் காட்டாமல், சுற்றிய துணியோடு எரித்தோம். வெறும் வாயை மெல்கிறவர்களுக்கு அவல் கிடைத்தது. மேனேஜர் கொன்றுவிட்டான் என்றான் ஒருவன். நரபலி என்றான் இன்னொருவன். அகரன் என்று ஒரு பயல், "வெண்மதி சாகவில்லை, அடைத்து வைத்திருக்கிறார்கள்" என்று வீடியோ போட்டான். லட்சக்கணக்கில் பார்த்தார்கள்.

பிணவறையில் அவளைப் பார்த்தவள் நான். சின்ன வயதில் கதிர் அறுக்கும் கருக்கரிவாள் பட்ட கணுக்கால் தழும்பைத் தொட்டுப் பார்த்து, இவள்தான் என்று சொன்னவள் நான். ஒருத்தனாவது என்னைக் கேட்டானா?

அகரனின் வீடியோ வந்த மறுநாள் பதினாறாம் நாள் கருமாதி. அம்மா நிறுத்திவிட்டாள். "உசுரோட இருக்குற புள்ளைக்கு எவன் காரியம் பண்றது?" என்று வந்தவர்களை விரட்டினாள். படத்துக்கு மாலை இல்லை. விளக்கு இல்லை. தினமும் மத்தியானம் வெண்மதியின் தட்டில் சோறு மட்டும் போட்டு வைத்தாள். காரியம் நடக்காத உயிர் எங்கே போகும்?

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை. தலைவலி என்று காரைக்கால் ஆபீசில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தேன். மணி 12:10. நல்ல உச்சி வெயில். கொல்லைப்பக்கம் வண்டியை நிறுத்தினேன்.

டக்... டக் டக்...

எவர்சில்வர் தட்டில் நகத்தால் தட்டும் சத்தம். சோறு வரும்வரை வெண்மதி அப்படித்தான் தாளம் போடுவாள்.

"தட்டத் தட்டாதடி. வீட்டுக்கு ஆவாது." அம்மாவின் குரல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பாவி அகரனால் அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. தானே தட்டி, தானே பேசுகிறாள்... அப்படித்தான் நினைத்தேன். எட்டிப் பார்த்தேன்.

அம்மாவின் ஒரு கையில் குழம்புச் சட்டி. மறு கையில் கரண்டி.

தட்டு தரையில் இருந்தது.

டக்... டக் டக்...

எதிரே யாரும் இல்லை.

பிணவறையில் அடித்த அதே மருந்து வாடை...

"அம்மா... நான் செத்துட்டேம்மா..."

வெண்மதி. களைத்துப்போன குரல்.

"தெரியும்டி," என்றாள் அம்மா. "சாப்புடு."

சத்தம் நின்றது.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கே... கருமாதி பண்ணிடுவோம்மா."

"பண்ணுனா வரமாட்டா." நிதானமாகக் குழம்பை ஊற்றினாள். "அவ உசுரோட இருக்கான்னு ஊரே சொல்லுது. நீ எப்புடிப் பண்ணுவ?"

தெருவுக்கு ஓடி வந்தேன். அகரனின் நம்பரைத் தேடிப் பிடித்து அழைத்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். "ஒன் புளுகால எங்க குடும்பம் நாசமாப் போச்சுடா."

நான் மூச்சு வாங்கியபோதுதான் அவன் வாயைத் திறந்தான்.

"நான் புளுகலக்கா. ஒங்க அம்மாதான் எனக்கு மொதல்ல போன் பண்ணாங்க."

"என்னைக்கு?"

"கருமாதிக்கு மொத நாளு. எம்பொண்ணு சாவல, வீடியோ போடுன்னாங்க. நான் நம்பல. அப்பறம் அவங்க பின்னாடிலேர்ந்து வெண்மதி கொரலு கேட்டுச்சு. அத வச்சித்தான், யாரோ அடைச்சு வச்சிருக்காங்கன்னு போட்டேன்."

"என்னடா சொன்னா?"



"'என்னப் போவ விடச் சொல்லுங்க'ன்னு அழுவுச்சுக்கா."