கிறாசல்பாக்கைப் பிறப்பிடமாகக் கொண்டவர்

தேவண்ணை இறந்த செய்தி ஒஸ்லோவில் வெஸ்ட்லிக்குப் போகும் ரயிலில் எனக்கு வந்தது. தொலைபேசியில் பேசியவர் நம் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். மாரடைப்பு என்று ஒரே வசனத்தில் மரணத்தை முடித்துக்கொண்டார். மிகுதி நேரமெல்லாம் ஒரே கேள்விதான். "அவர் ஊரிலை எவ்விடம்? மரண அறிவித்தலிலை போடவேணும்." உடல் அப்போதும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தது.

அறிவித்தலுக்காக அவர் கேட்கவில்லை என்பது தேவண்ணையை அறிந்த உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஊரைச் சொன்னால் எந்தக் கோயிலடி என்பீர்கள், பிறகு எந்த ஒழுங்கை என்பீர்கள். சாதியைக் கண்டுபிடித்த பிறகுதான் உங்களுக்குத் தேத்தண்ணீர் இறங்கும். இந்தக் குளிரில் எல்லாம் விறைத்தது, அந்தப் புத்தி மட்டும் விறைக்கவில்லை.

எல்லிங்ஸ்ருட்டில் ஒரு பிறந்தநாள் விழாவில் புதிதாக அறிமுகமான ஒருவர் தேவண்ணையிடம் ஊரைக் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். "கிறாசல்பாக்," என்றார். நோர்வேக்கு வருமுன், ஜேர்மனியில் அகதியாக அவரைக் கொண்டுபோய்ப் போட்ட கிராமம் அது. கேட்டவர் விடவில்லை. தேவண்ணையும் விடவில்லை. வடக்கே குன்று, தெற்கே முழங்காலளவு ஓடை, நடுவில் இரண்டே தெரு. தேவாலயத்தை ஏதோவொரு போரில் சுவீடன் படை எரித்தது, திரும்பக் கட்டியபோது கோபுரம் சரிந்துவிட்டது என்று மட்டன் ரோல் ஆறும்வரை விளக்கினார்.

"அது சரியண்ணை, அதுக்கு முதல்?"

"அதுக்கு முதல் காடு," என்றார் தேவண்ணை.

அனுமதியில்லாமல் அகதிகள் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்று அப்போது அங்கே சட்டம். அதனால் அந்த ஊரையே சுற்றிச் சுற்றி நடந்து, கல்லறைகளையெல்லாம் வாசித்து, அதன் சரித்திரத்தைத் தெரிந்துகொண்டார். அந்த ஊர்மீது அவருக்குப் பாசம் கிடையாது. உலகப்போர் முடிந்தபின் கிழக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்த ஜேர்மனியரைக் கீழ்த்தெருவில் குடிவைத்தார்களாம். அவர் அங்கே இருந்த காலத்திலும் மேல்தெருக்காரர் அந்த வீடுகளில் பெண் எடுப்பதில்லையாம். நாங்கள் இருவரும் வேலை செய்த பணிமனையில் பஸ் கழுவிக்கொண்டே இதைச் சொல்லிச் சிரித்தார். "அங்கையும் எங்கடை சனந்தான் இருந்தது. மாடுகள் மட்டும் திறம். ஒரு மாடும் என்னை எந்த ஊர் எண்டு கேக்கேல்லை."

அவருக்குக் குடும்பம் இல்லாததால் அறிவித்தல் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஜேர்மனி கிறாசல்பாக்கைப் பிறப்பிடமாகவும், ஒஸ்லோ ரொம்சோஸை வதிவிடமாகவும் கொண்டவர் என்று எழுதிக் கொடுத்தேன். செயலாளர் பதறிப்போய்ப் பிழையைத் திருத்தச் சொன்னார். பிழை இல்லை என்றேன். அப்படியே அச்சாகி வந்தது. தகனத்தன்று பெட்டியில் பூவை வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்து, உண்மையில் அவர் எவ்விடம் என்று காதுக்குள் கேட்டவர்களும் உங்களுக்குள் இருக்கிறீர்கள். அழ வந்த இடத்தில் எனக்கு அருவருப்புத்தான் வந்தது.

அவர் இல்லாத பணிமனைக்குப் போக மனம் வரவில்லை. அங்கேதான் ஒருநாள், நான் கேட்காமலே, தான் பிறந்த ஊரின் பெயரைச் சொன்னார். நான் ஒருநாளும் கேட்காதபடியால்தான் சொல்வதாகவும் சொன்னார். அந்தப் பெயர் என்னிடம் இருக்கிறது. உங்களுக்குத் தரமாட்டேன்.