பொன்னுருக்குக்குப் போன கார்

ஜனவரிக் கடைசி ஞாயிறு, காலை 7.20. ஹவுன்ஸ்லோவில் மைனஸ் நான்கு டிகிரி. சிவபாலனின் வீட்டு வாசலில் நின்ற காரின் எல்லாக் கண்ணாடிகளிலும் உறைபனி உப்புத்தாள் போல ஒட்டியிருந்தது. சிவபாலன் யாழ்ப்பாணத்துக்காரர்; முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சென்னையில் என் அறை நண்பர். அவர் மகன் ஆதவனுக்குப் புதன்கிழமை கல்யாணம். தாலிக்கான தங்கக் காசை மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில் உருக்கும் சடங்குதான் பொன்னுருக்கு. அப்டன் பார்க்கில் ஒரு நகைக்கடையில் ஏற்பாடு. ஐயர் குறித்த நேரம் 8.50 முதல் 9.30 வரை. தூரம் ஏறத்தாழ இருபது மைல்.

பனி சுரண்டும் பிளாஸ்டிக் கரண்டி இந்த ஊரில் எந்தப் பெட்ரோல் நிலையத்திலும் இரண்டு பிரிட்டிஷ் பவுணுக்குக் கிடைக்கும். சிவபாலனிடம் அது இல்லை. கடை உறுப்பினர் அட்டையால் தன் முகத்துக்கு நேராகத் தபால் அட்டை அளவுக்குச் சுரண்டிவிட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். மற்றக் கண்ணாடிகள் என்று இழுத்தேன்.

"ஹீற்றர் போட்டா அஞ்சு நிமிசத்தில தானா உருகும். நேரம் நிக்காது. நீர் காரில ஏறும்" என்றார்.

அந்த ஐந்து நிமிடத்தை வாசலிலேயே நின்று கழிக்கலாமே என்றேன். சுபகாரியத்துக்குப் போகும்போது தடங்கல் சொல்லக் கூடாது என்று அவர் மனைவி திலகா பின் இருக்கையிலிருந்து சொன்னார். கண்ணாடி முழுவதும் தெளியாமல் வண்டியை எடுப்பது இந்த நாட்டில் குற்றம். பட்டுப் புடவையும் வேட்டியுமாக நான்கு பேர் அந்தக் குற்றத்துக்குள் ஏறி உட்கார்ந்தோம்.

7.31. தெருமுனையில் பாதசாரிகள் கடக்கும் கோடு. இடப்பக்கம் முன்னால் உட்கார்ந்திருந்த ஆதவன், எதுவும் தெரியவில்லை என்று தன் ஜன்னலை இறக்கியிருந்தான். குளிர் அடிக்கிறது, மூடு என்று திலகா கண்டித்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவன் "ஸ்டொப், அப்பா" என்றான். சிவபாலன் பிரேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை, பளபளத்த சாலையில் சறுக்கிக்கொண்டே போய், நடைபாதைக் கல்லில் முட்டி நின்றது. கோட்டில் இறங்கியிருந்த ஒரு பெண் பின்னால் பாய்ந்து முழங்கால் அடிபட விழுந்தார். அவருக்கும் காருக்கும் இடையே இரண்டு முழம்கூட இல்லை.

மஞ்சள் நிற வேலைச் சட்டை, கழுத்தில் விமான நிலைய அட்டை. தானே எழுந்தார். திலகா "முருகா" என்று கூப்பிட்டது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும், தமிழிலேயே பேசினார்.

"எட்டு மணிக்கு எனக்கு ஷிப்ட், அண்ணை. பிந்தினா அரை நாள் போயிடும். கண்ணாடியை முழுக்கத் துடைச்சுப்போட்டுக் காரை ஓடுங்கோ."

"சொறி தங்கச்சி" என்று மன்னிப்புக் கேட்டார் சிவபாலன். அவர் கண் காரின் கடிகாரத்தில் இருந்தது. அந்தப் பெண் நொண்டியபடி பஸ் நிறுத்தத்துக்குப் போனார்.

ஆதவன் இறங்கினான். எல்லாக் கண்ணாடியும் தெளிந்தால்தான் ஏறுவேன், இல்லாவிட்டால் ரயிலில் வருகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னான். வேட்டியை மடித்துக்கட்டி, அட்டையை வாங்கிச் சுற்றிவரச் சுரண்டினான். மாப்பிள்ளை செய்கிற வேலையா என்று தாய் முணுமுணுத்தார். ஆறு நிமிடம் ஆனது. என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன்.

9.41. நகைக்கடை. பதினொரு நிமிடம் தாமதம். உறைந்த சாலையில் வழி முழுக்க வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. திலகாவின் கண்கள் கலங்கியிருந்தன. ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

"பத்து நாப்பதுக்கும் ஒரு நேரம் இருக்கு. போன் பண்ணிக் கேட்டிருந்தா முதலே சொல்லியிருப்பன்" என்றார்.

அவ்வளவுதான். ஒரு தொலைபேசி அழைப்பில் தீரும் விஷயத்துக்காக ஒரு பெண்ணைக் கொல்லப் பார்த்தோம். காசு உருகியது, படம் எடுத்தார்கள், பலகாரம் வந்தது. சிவபாலன் உறவினர்களிடம், பெரிய கண்டம் ஒன்று நல்லபடியாகக் கழிந்தது, எல்லாம் கடவுள் செயல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண்டம் யாருக்கு என்று கேட்டேன். அவர் எனக்கு இன்னொரு லட்டு எடுத்துவைத்தார்.

கல்யாணம் முடிந்து வெள்ளிக்கிழமை எனக்குச் சென்னைக்கு விமானம். எங்கள் ஊர் வண்டி ஓட்டிகளைத் திட்டி நான் பத்திரிகையில் நிறைய எழுதியிருக்கிறேன். ஒரு சொல்லையும் திரும்பப் பெறப் போவதில்லை. ஆனால் அங்கே சாலையில் ஒருவர் விழுந்தால் நாலு பேர் கூடுவார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், வீட்டில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்பார்கள். அன்று காரில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். அவரைப் பஸ் நிறுத்தம் வரை கைபிடித்துக் கூட்டிப்போகக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. இருபத்தெட்டு ஆண்டு செய்தி எழுதிய நான் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.