அன்டனின் ஒரே சாட்சி

போன சனிக்கிழமை கொள்ளுப்பிட்டியில் ஒரு மாநாடு. வெப்சைட் கட்டுகிறவர்களின் மாநாடு. அங்கே எனக்கென்ன வேலை? சாட்சி சொல்லும் வேலை.

கொட்டாஞ்சேனை அன்டன் என் பள்ளித் தோழன். கப்பல் கம்பெனி கிளார்க் வேலையை விட்டுவிட்டு, ஐம்பத்து மூன்று வயதில் வெப்சைட் செய்ய இறங்கியவன். இந்தப் பத்திகள் வாராவாரம் ஏறுகிற என் வெப்சைட்டும் அவன் செய்து தந்ததுதான். மாநாட்டில் அவனுக்கு இருபது நிமிடம் கிடைத்திருந்தது. தலைப்பு: 'ஒன்றும் தெரியாதவரும் தானே நடத்தக்கூடிய வெப்சைட்.'

ஒன்றும் தெரியாதவர் — நான்.

"மச்சான், முன்வரிசையில ரிஸ்வி நானா இருக்கார். வத்தளையில மூணு துணிக்கடை. இன்னைக்கு அவருக்குப் பிடிச்சா வேலை எனக்குத்தான். முதல் பெரிய வேலை" என்று காதுக்குள் சொன்னான்.

காலையில் பேசியவர்கள் எல்லாரும் இளசுகள். ஒருவர் பட்டனின் நிறத்தைப் பற்றி மட்டும் முக்கால் மணி நேரம் பேசினார். என் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோதுகூட நான் அவ்வளவு யோசிக்கவில்லை. இன்னொருவரின் டெமோ அசையவே இல்லை. "நெட் ஸ்லோ" என்றார். சபை உடனே மன்னித்தது.

பிறகு அன்டன். நன்றாகத்தான் பேசினான். திடீரென்று —

"என்ட ஃப்ரெண்டுக்கு ஃபோன் ரீலோட் பண்ணவே தெரியாது. ஆனா வாராவாரம் தானே பத்தி போடுறான். மச்சான், வா, இந்த வாரத்தத இங்கயே போட்டுக் காட்டு!"

கைதட்டல். மேடை ஏறினேன். வேறென்ன செய்ய?

அன்டனுக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. வெப்சைட்டோடு ஒரு பக்கத்தில் செய்முறையும் எழுதித் தந்திருந்தான். அதை வாசித்தது என் மனைவி. அன்றிலிருந்து நான் எழுதுவேன், அவள் ஏற்றுவாள். "நீயேதான் போடுறியா?" என்று அவன் கேட்கும்போதெல்லாம் சிரித்து வைப்பேன். சிரிப்பு பொய்யில் சேராது அல்லவா?

வெப்சைட்டுக்குள் போக லெப்டொப் பாஸ்வேர்ட் கேட்டது. யாருக்குத் தெரியும்? நெட் ஸ்லோ என்று சொல்லலாம்... நான் தப்பிவிடுவேன். அன்டன்? அசையாத வெப்சைட்டை நம்பி எந்தக் கடைக்காரர் வேலை தருவார்?

மைக்கில் சொன்னேன். "நான் போடுறதில்லை. மனுசிதான் போடுறவ."

அன்டனின் முகத்தைப் பார்க்கவில்லை. வெள்ளவத்தையில் வீட்டுக்கு ஃபோன் எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு மைக்குக்குக் கிட்டப் பிடித்தேன்.

"இஞ்ச... அந்தப் பத்தியை ஒருக்கா..."

"கறி அடுப்பில இருக்கு. பொறுங்கோ." கரண்டியை வைக்கும் சத்தம் கேட்டது. "போட்டாச்சு. ஏன், அங்க எதையாவது அமத்திப்போட்டீங்களோ? ஒண்டிலயும் கை வையாதேங்கோ!"

திரையில் பத்தி வந்து நின்றது. மண்டபம் சிரித்தது.

ரிஸ்வி நானா எழுந்தார். "தங்கச்சி, இத யாரு உங்களுக்குப் பழக்கினது?"

"ஒருத்தருமில்லை. அன்டன் எழுதித் தந்த பேப்பர் ஒண்டு. பழக அரை மணித்தியாலம் காணும். இவருக்குத்தான் இன்னும் விளங்கேல்லை."

நானா அன்டனிடம் திரும்பினார். "அப்ப எங்களுக்கும் செஞ்சு தாங்க. ஆனா எனக்குக் காட்ட வாணாம். வீட்டுக்கு வந்து எங்கட பொம்புளைக்குக் காட்டுங்க."

மேடையை விட்டு இறங்கியதும் அன்டன் என் கையைப் பிடித்தான். கோபமா, சந்தோஷமா, பிடியில் தெரியவில்லை.

"அடுத்த முறை அவங்கள அனுப்பு. நீ வீட்டுல இருந்து கறியப் பாரு."

கறியும் எனக்குத் தெரியாது என்பதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை.