என் பெயரில் ஒரு கோப்பு

எங்கள் கம்பெனிக்கு ஜுருவில் தொழிற்சாலை, ஜார்ஜ் டவுனில் அலுவலகம். இரண்டிலும் தலா ஒரு செர்வர். ஜுருவில் உள்ளதை ஓர் அக்கா பார்த்துக்கொண்டார், அலுவலகத்தில் உள்ளதை நான். இயந்திர வரைபடங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டி, வழியில் யார் கையில் சிக்கினாலும் புரியாதபடி, ஜுருவிலிருந்து இங்கே அனுப்பச் சொன்னார் முதலாளி. அதற்கென்றே எஸ்சிபி என்றொரு கட்டளை இருக்கிறது. என் லாகின் பெயரையும் செர்வர் பெயரையும் அக்காவிடம் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

டீ ஆறுவதற்குள் போன் வந்தது.

“போயிருச்சு தம்பி. பாஸ்வேர்ட்கூட கேக்கல, அவ்ளோ ஸ்மூத்லா.”

இங்கே ஒன்றுமே வந்திருக்கவில்லை. மறுபடி அனுப்பினார். மறுபடியும் போனது, மறுபடியும் வரவில்லை. நான் ஃபயர்வாலைத் துழாவினேன், செர்வரை அணைத்துப் போட்டேன். வந்ததை நான்தான் எங்கோ தொலைத்துவிட்டேன் என்று அக்காவுக்கு வருத்தம்.

முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். யாராவது நடுவில் திருடியிருப்பார்களா என்று கேட்டார். திருடினாலும் படிக்க முடியாது என்றேன். அவர் முகம் தெளிந்தது.

“அப்ப சேஃப்டி நல்லாத்தான் இருக்கு. நம்மளாலயே பாக்க முடியல.”

அதை ஒரு வாடிக்கையாளருக்கும் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னார்.

சாப்பாட்டுக்குப் பிறகு கடல் பாலம் ஏறி அக்கரையில் ஜுருவுக்கே போனேன். அக்கா என் கண் முன்னால் கட்டளையைத் தட்டினார். நூறு சதவீதம் என்று காட்டியது. அந்த ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். வரைபடங்களுக்கு நடுவே என் லாகின் பெயரும் எங்கள் செர்வர் பெயரும் சேர்ந்த பெயரில் பிரம்மாண்டமாக ஒரு கோப்பு இருந்தது.

செர்வர் பெயருக்குப் பின்னால் ஒரு கோலன், அந்த இரண்டு புள்ளி, விட்டுப்போயிருந்தது. அது இல்லாததால் கட்டளை என்னை ஒரு கோப்பின் பெயர் என்று எடுத்துக்கொண்டு, அதே மெஷினிலேயே நகல் எடுத்து வைத்திருக்கிறது.

அக்கா அந்தக் கோப்பைத் திரையில் தொட்டுக் காட்டினார். “அப்ப காலையிலேர்ந்து எனக்கே அனுப்பிக்கிட்டு இருந்தேனா?”

கோலன் போட்டதும் இந்த செர்வரை நம்பலாமா என்று கேட்டது, பாஸ்வேர்ட் கேட்டது, பிறகு நத்தை மாதிரி நகர்ந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளி போன் செய்தார். முடிய சாயங்காலம் ஆகும் என்றேன்.

“காலையில உடனே போச்சுலா. நீ போய் என்ன கெடுத்த?”

விளக்கினேன். கேட்டுவிட்டு, அவசரமான கோப்புகளுக்கு மட்டுமாவது பழைய முறையையே வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா போனை வாங்கி, அப்படியே செய்கிறோம் பாஸ் என்று சொல்லி வைத்துவிட்டார்.