ராயப்பேட்டையிலிருந்து ஒரு ரயில்

என் சின்ன வயதில் நாங்கள் ராயப்பேட்டையில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். ஒரு முன்னறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த சின்ன பால்கனி. அந்த முன்னறையை அம்மா வருடத்தில் ஒரே ஒரு நாள் அடையாளமே தெரியாமல் மாற்றிவிடுவாள். அது என் பிறந்தநாள்.

எனக்கு எட்டு முடிந்தபோது அறை கடலாயிற்று. அம்மாவிடமிருந்த நீலப் புடவைகளெல்லாம் சுவருக்குச் சுவர் கொடி கட்டித் தொங்கின. மின்விசிறியை மெல்லச் சுழலவிட்டதும் அலையடித்தது. கொத்தமல்லி அரைத்துப் பிசைந்த பச்சை இடியாப்பம் அன்றைக்குக் கடற்பாசி. அடுத்த வருடம் விண்வெளி. விளக்கை அணைத்து, ஓட்டை ஓட்டையான சல்லடைக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்தாள், சுவரெல்லாம் நட்சத்திரம். அப்பா வேலை பார்த்த கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் கழித்துப்போட்ட அட்டைகள்தான் அழைப்பிதழ். ஒரு பக்கம் நிலவு வரைந்திருக்கும், மறுபக்கம் யாரோ ஒருவரின் சுபமுகூர்த்தம் எழுத்துப் பிழையோடு இருக்கும்.

எங்கள் வகுப்பில் பணக்காரப் பெண்கள் இருந்தார்கள். அவர்கள் பிறந்தநாளுக்கு பர்கர் கடைக்கு அழைத்துப் போவார்கள், தலையில் காகிதத் தொப்பி வைப்பார்கள். ஆனால் கோடை லீவு முடிந்து பள்ளி திறந்ததும் எல்லோரும் பேசியது என் வீட்டைப் பற்றித்தான்.

அடையாற்றில் இருந்த அத்தையின் மகளைப் பார்த்து நான் பொறாமைப்படாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அவர்கள் வீட்டில் லிஃப்ட் உண்டு, பால்கனியில் ஊஞ்சல் உண்டு. அத்தை மகள் என்னைவிட ஒரு வயது சின்னவள். நடந்தால் குதிகாலில் சிவப்பு விளக்கு மின்னும் ஷூ போட்டிருப்பாள். அவளுடைய பிறந்தநாளுக்குக் கோட்டை மாதிரி கேக் வரும். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் நான் கணக்குப் போடுவேன்: அவளிடம் எல்லாம் இருக்கிறது, ஆனால் என் அம்மா என்னிடம்தான் இருக்கிறாள்.

ஒரு பிப்ரவரி மாதம், இரண்டு பெரிய பெட்டிகளோடு அத்தையும் அத்தை மகளும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாமா வரவில்லை. "கொஞ்ச நாள் இருப்பாங்க" என்றார் அப்பா. எத்தனை நாள் என்று கேட்டதற்கு, "பெரியவங்க விஷயத்தைக் கேக்காதே" என்றாள் அம்மா. நான் கேட்டது மாமாவைப் பற்றி அல்ல. மின்விசிறிக்கு நேர் கீழே நான் படுக்கும் இடத்தைப் பற்றி. வந்த அன்றே அதை அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று. அவள் பள்ளிக்கூடம் அடையாற்றில் இருந்ததால் சீக்கிரம் கிளம்ப வேண்டும். ஆகவே அம்மா முதலில் அவளுக்குத்தான் தலை பின்னினாள். முதல் தோசை அவளுக்கு. அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நிற்கும் இடமும் அவளுக்கு. நான் முகத்தைத் தூக்கினால் அம்மா தாழ்ந்த குரலில், "விடுடி, பாவம் அது" என்பாள். நடந்தால் விளக்கு எரியும் ஷூ வைத்திருக்கும் ஒருத்தி எந்த வகையில் பாவம் என்று எனக்கு விளங்கவில்லை.

மே மாதம் எனக்குப் பத்து வயது. அதற்கு ரயில் என்று நானும் அம்மாவும் முன்பே முடிவு செய்திருந்தோம். இதுவரை செய்ததிலேயே பெரிய வேலை. ஃப்ரிட்ஜ் வரும் அட்டைப்பெட்டியை வெட்டி ஜன்னல் வைத்த ரயில்பெட்டி. ஜன்னலுக்கு வெளியே ஓடுவதற்கு ஒரு நீளமான படச்சுருள். இதற்காகப் பொங்கல் முடிந்ததிலிருந்தே மளிகைக்கடை, மருந்துக்கடை, நகைக்கடை என்று அலைந்து பழைய மாதக் காலண்டர்களை வாங்கிச் சேர்த்திருந்தேன். அவற்றின் வெள்ளைப் பின்புறத்தில் மரமும் ஏரியும் வரைந்து, மைதாப் பசையால் ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டு கம்புகளில் சுற்றி, ஒருவர் இந்தப் பக்கமிருந்து சுருட்டினால் ஜன்னலில் ஊர்கள் ஓடும்.

மார்ச் முதல் வாரத்தில் அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"வர ஞாயித்துக்கிழமை அவளுக்குப் பொறந்தநாள். ரயிலை அவளுக்கு ஓட்டிடலாமா, கண்ணு? உனக்கு மே மாசம் வேற ஒண்ணு யோசிப்போம்."

"சரி" என்றேன். அம்மா கேட்டவிதம் அப்படி. வேறு பதிலுக்கு அதில் இடமில்லை. "என் தங்கம்" என்று கன்னத்தைத் தொட்டாள். நான் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் வெட்டுவதும் ஒட்டுவதும்தான். நான் பனைமரங்கள் வரைந்தேன், ஆடு வரைந்தேன், பாலம் வரைந்தேன். அத்தை மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தானும் ஒன்று வரையட்டுமா என்று கேட்டாள். தண்டவாளத்தின் ஓரமாக ஒரு மாடிவீடு வரைந்தாள். பால்கனியில் ஓர் ஊஞ்சல். அதில் மூன்று பேர். மூன்று பேரும் ஊஞ்சலைவிடப் பெரிதாக இருந்தார்கள். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "எவ்ளோ அழகா வரைஞ்சிருக்கே!" என்றாள். என் பாலத்தில் பதினாறு தூண்கள் இருந்தன. யாரும் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் தெருப் பிள்ளைகள் ஆறு பேர் வந்தார்கள். எல்லோரும் என் சிநேகிதிகள். அவளுடைய பள்ளியிலிருந்து யாரையும் கூப்பிட வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டாள். எதிர்வீட்டு வக்கீலிடம் இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு அப்பா டிக்கெட் பரிசோதகராக நின்றார். கல்யாணப் பத்திரிகை அட்டையில் செய்த டிக்கெட்டுகளைப் பேனாவால் டிக் அடித்து, "சீட்டை விட்டு எழுந்திரிக்கக் கூடாது" என்று மிரட்டினார். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் ஈயத்தாளில் மடித்துப் பொட்டலமாக வந்தன. அத்தை இடுப்பில் கூடையோடு, "வடே... வடே... சூடா வடே..." என்று மூக்கால் பாடிக்கொண்டு இடுக்கில் நடந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அத்தை சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நடுவிலிருந்த ஜன்னல் சீட்டு பிறந்தநாள் பெண்ணுக்கு. சுருளைச் சுற்றும் வேலை எனக்கு. "உனக்குத்தான் பதமாச் சுத்த வரும்" என்று அம்மா சொன்னாள். பால்கனிக் கதவோரம், அட்டைப்பெட்டிக்கு வெளியே, சுருளுக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பும் கூச்சலும். "ஐயோ ஏரி பாரு! ஆடு பாரு!" என்று கத்தினார்கள். என் பக்கமிருந்து எனக்குத் தெரிந்ததோ காலண்டரின் முன்புறம்தான். ஜனவரி, பிள்ளையார், மருந்துக்கடை. பிப்ரவரி, முருகர், மளிகைக்கடை. நான் சேர்த்த காகிதம், நான் வரைந்த பாலம், என் சிநேகிதிகள். எல்லாம் அவளுக்காக ஓடிக்கொண்டிருந்தன.

கை வலித்துக் கொஞ்சம் நிறுத்தினேன். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, சுருளை ஒதுக்கிக்கொண்டு அவள் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, ஏன் நின்னுடுச்சு? ஸ்டேஷன் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"எந்த ஸ்டேஷன்?"

"அடையாறு" என்றேன்.

அவள் சிரித்தாள். விளையாட்டு என்று அவளுக்குத் தெரியும். அதோடு விட்டிருக்கலாம். அடுத்து வந்த வார்த்தைகளை நான் யோசித்துச் சொன்னதாக ஞாபகம் இல்லை. வாயைத் திறந்தேன், அவை வெளியே வந்தன.

"உங்க அப்பா கீழே வந்து நிக்கிறாரு. கேட் பக்கத்துல. பால்கனியிலேருந்து இப்பதான் பார்த்தேன்."

"நெஜமாவா?"

"நெஜமா."

அவள் போட்டிருந்த அட்டைத் தொப்பியைக் கழற்றி சீட்டில் வைத்தாள். பிறகு படிக்கட்டில் ஷூச் சத்தம் தடதடவென்று இறங்கிற்று. அப்பா ஒரு பெண்ணின் டிக்கெட்டைச் செல்லாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா சமையலறையில். யாரும் கவனிக்கவில்லை. நான் சுருளைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு நேரே போய் அந்த நடு சீட்டில் உட்கார்ந்தேன். மரங்கள் ஓடின. என் பாலம் வந்தது. பதினாறு தூணையும் எண்ணினேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தேன்.

அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றாள். கீழே தையல்கடை வைத்திருந்த பாய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு ஏதோ சொன்னார். அவள் உட்காரவில்லை. ஆட்டோ ஏதாவது திரும்பும்போதெல்லாம் குதிகாலை உயர்த்திப் பார்த்தாள். அப்போது ஷூவில் சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணைந்தது. போய்க் கூப்பிடலாமா என்று நினைத்தேன். போகவில்லை.

உள்ளே கேக் வந்துவிட்டது. இட்லிப் பானையில் வேகவைத்த கேக்கை அம்மா எஞ்சின் மாதிரி வெட்டி, பிஸ்கட்டில் சக்கரம் வைத்திருந்தாள். "பொறந்தநாள் கொழந்தை எங்கே?" என்று அப்பா கேட்டார். எல்லோரும் தேடத் தொடங்கியபோது அவள் தானாகவே படியேறி வந்தாள்.

"எங்கடி போனே?" என்றாள் அத்தை.

அவள் முதலில் என்னைப் பார்த்தாள். அம்மா அடித்தால் எங்கே ஒளிந்துகொள்வது என்றுகூட யோசித்துவிட்டேன். அவள் என்னிடமிருந்து பார்வையை எடுத்து அத்தையிடம் சொன்னாள்:

"அப்பா வந்திருந்தாரு. ஹேப்பி பர்த்டே சொன்னாரு. வேலை இருக்குன்னு போயிட்டாரு."

அறையில் பெரியவர்கள் மூவரும் அப்படியே நின்றார்கள். அத்தை கூடையைக் கீழே வைத்தாள்.

"என்ன சட்டை போட்டிருந்தாரு?"

"நீலக் கோடு போட்டது."

அத்தை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினாள். நான் மறுபடி பால்கனிக்கு ஓடினேன். அத்தை தெருவின் இரண்டு முனையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தையல்கடைப் பக்கம் திரும்பி, "பாய், இவ அப்பா வந்தாரா? பார்த்தீங்களா?" என்று கேட்டாள்.

பாய் ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். "மிஷின்ல குனிஞ்சுகினு இருந்தேன்மா, கவனிக்கலியே" என்றார். அவ்வளவு நேரமும் அவர் கடை வாசலில் அவளோடு நின்றதை நான் பார்த்திருந்தேன். பெரியவர், தாடி வைத்தவர், அவரும் பொய் சொல்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாகப் போயிற்று.

அத்தை மேலே வந்து, முடியை ஒதுக்கிக்கொண்டு, "போயிட்டாரு போல" என்றாள். முகம் சிவந்திருந்தது, ஆனால் அழகாக இருந்தது. கேக் வெட்டினார்கள். பாட்டுப் பாடினார்கள். நானும் பாடினேன்.

எல்லோரும் போன பிறகு, அப்பாவும் அம்மாவும் அட்டைகளை மடித்துக்கொண்டிருந்தபோது, அத்தை செல்போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். வந்ததிலிருந்து மாமாவுக்கு அவள் போன் செய்ததே இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம் சுருளைச் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு அவள் பேசியது கேட்டது.

"வந்தீங்களாமே... சாயங்காலம்." மாமா சொன்னது எனக்குக் கேட்கவில்லை. "இல்ல, ஒண்ணுமில்ல... இன்னிக்கு அவ பொறந்தநாள். அதான்." பிறகு, "சரி."

அத்தை உடனே உள்ளே வரவில்லை. வந்தபோது, இப்போது அத்தை மகள் மாட்டிக்கொண்டாள் என்று நான் ஆவலோடு நிமிர்ந்தேன். மாட்டிக்கொண்டால் என் பெயரும் வெளியே வரும் என்பதுகூட அப்போது தோன்றவில்லை. ஆனால் அத்தை கீழே உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துக்கொண்டாள். தலையில் ஒட்டியிருந்த ஜிகினாவை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"அப்பா வேற என்ன சொன்னாரு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எனக்கும் கேக் எடுத்து வைன்னு சொன்னாரு."

"வெச்சிடலாம்" என்றாள் அத்தை.

எழுந்து போய் ஒரு நல்ல துண்டாகப் பார்த்து, சக்கரம் இருந்த துண்டு, டப்பாவில் போட்டு மூடி ஃப்ரிட்ஜில் வைத்தாள். அம்மா சமையலறை வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே திரும்பிப் போனாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு பென்சில் விஷயத்தில் பொய் சொன்னதற்காக அம்மாவிடம் அறை வாங்கியவள் நான். இவளோ ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று பொய் சொல்லிவிட்டு மடியில் சாய்ந்திருக்கிறாள். அவள் சொன்ன பொய்கூட நான் ஆரம்பித்து வைத்ததுதான். அதையும் எடுத்துக்கொண்டுவிட்டாள்.

கேக் டப்பா இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் இருந்தது. யாரும் தொடவில்லை. மூன்றாம் நாள் பள்ளிவிட்டு வந்ததும், ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபடியே அதைத் தின்றேன். ஓரமெல்லாம் காய்ந்துபோயிருந்தது. தின்றுவிட்டு டப்பாவை மூடி இருந்த இடத்திலேயே வைத்தேன். கேட்டால் பூனைமேல் பழியைப் போட வேண்டும் என்று முடிவு செய்தேன். பூனை எப்படி ஃப்ரிட்ஜைத் திறந்தது என்று கேட்டால், அம்மாதான் சரியாக மூடவில்லை என்று சொல்ல வேண்டும். இரண்டு மூன்று தடவை மனசுக்குள் சொல்லியும் பார்த்துக்கொண்டேன்.

மாலையில் அத்தை டப்பாவைத் திறந்தாள். அத்தை மகள் பக்கத்தில்தான் நின்றாள். இருவரும் காலி டப்பாவைப் பார்த்தார்கள். அத்தை அதைத் தேய்த்துக் கழுவி, மேடையில் கவிழ்த்து வைத்தாள். அத்தை மகள் ஒரு துணியை எடுத்து வந்து அதைத் துடைத்தாள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவ்வளவு நன்றாக யோசித்து வைத்த பொய் வீணாகிப்போனதே என்றுதான் எனக்கு அன்றைக்கு வருத்தமாக இருந்தது.