நான் பேசியது எனக்கு மட்டும் புரிந்தது

போன வருடம் தைப் பொங்கல் முடிந்த கையோடு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மதுரைக்குப் பக்கத்தில், நாகமலை புதுக்கோட்டையில் மலையை ஒட்டிப் போகும் சாலையில் நடந்தது இது. நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். வாய்தான் எனக்கு மூலதனம். பேசியே ஆளைக் கவிழ்த்துவிடுவேன் என்று வீட்டிலேயே சொல்வார்கள்.

அதற்கு முந்தைய வருடம் எனக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நல்ல ஷூ ஒன்று வாங்கினேன், அதோடு சரி. எங்கள் பகுதியில் காலையில் ஓடும் ஆண்கள் ஏழெட்டுப் பேர் உண்டு. அவர்களில் ஒருவர், என்னிடம் பாலிசி எடுத்த பாவத்துக்கு, என்னையும் இழுத்துக்கொண்டு போனார். முதல் நாள் இரண்டு கரண்ட் கம்பம் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. மறுநாள் போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிட்டேன். விடுவார்களா? வாசலில் வந்து நின்று, "அண்ணே, நீங்க வாராம நாங்க ஓட மாட்டோம்" என்று தெருவே எழுந்திருக்கும்படி கத்தினார்கள். மானம் போகிறதே என்றுதான் கிளம்பினேன். போகப் போக அவர்கள் முகத்தைப் பார்க்காவிட்டால் பொழுதே ஓடாது என்றாகிவிட்டது. நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. கூடப் பிறந்தவர்கள் இருந்தால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் குழுவில் பேசிக்கொண்டேதான் ஓட வேண்டும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம். என் பக்கத்தில் ஓடுபவர் நூல் கடை வைத்திருக்கும் சௌராஷ்டிர நண்பர். அவர் வீட்டு மொழியை எனக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்ப்பார். நான் வேண்டுமென்றே வாய்க்கு வந்தபடி உளறுவேன். அவர் தலையில் அடித்துக்கொள்வார், மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் ஏற்றம் ஏறுவதே தெரியாது.

அன்று என்னிடம் நல்ல சேதி இருந்தது. மகளுக்கு வரன் முடிவாகியிருந்தது. ஓடிக்கொண்டே சொன்னேன். நிச்சயத்துக்கு எல்லோரும் முன்னால் நின்று நடத்தித்தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. மறுபடியும் சொன்னேன். இன்னும் சிரித்தார்கள். குழுவில் சின்னவர் செல்போனை எடுத்து என்னை வீடியோ பிடிக்கவே ஆரம்பித்துவிட்டார். பெண்ணின் கல்யாணம் இவர்களுக்குக் கேலியாகப் போய்விட்டதா என்று கொதித்தது.

நூல் கடை நண்பர் மட்டும் சட்டென்று நின்றார். "டேய், சிரிக்காதீங்கடா! இது எங்க பாஷையும் இல்ல, நம்ம தமிழும் இல்ல" என்றார். என் தோளைப் பிடித்து, "மாப்ள, ரெண்டு கையையும் தூக்கு" என்றார். தூக்கினேன். தூக்கியதாகத்தான் நினைத்தேன். வலது கை தொங்கிக்கொண்டிருந்ததை அவர்கள் பார்த்தார்கள், நான் பார்க்கவில்லை.

ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். "வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க! எங்க அப்பாவுக்கு இப்படித்தேன் ஆச்சு. வாயுன்னு நெனச்சு விட்டுட்டோம்" என்று நண்பர் அலறினார். அவருடைய கார் நாங்கள் ஓடக் கிளம்பிய இடத்தில் நின்றது. எங்களில் வேகமானவர் சாவியை வாங்கிக்கொண்டு திரும்பிப் பாய்ந்தார். மற்றவர்கள் என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை, விடுங்கள் என்று அவர்களைத் திட்டிக்கொண்டே இருந்தேன். அவர்கள் பிடியைத் தளர்த்தவே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. நேரத்தோடு கொண்டுவந்ததால் ஊசி போட்டுக் கரைக்க முடிந்தது என்றார் டாக்டர்.

சில நாள் கழித்து, வாய் ஓரளவு திரும்பியதும், பார்க்க வந்தவர்களிடம் கேட்டேன். "நான் நல்லாத்தானய்யா பேசுனேன், ஏன் சிரிச்சீங்க?" அந்தச் சின்னவர் தயங்கித் தயங்கி செல்போனை நீட்டினார்.

அதில் நான் ஓடிக்கொண்டிருக்கிறேன். வாய் ஒரு பக்கமாக இழுத்திருக்கிறது. வருவது என் குரல்தான். ஆனால் ஒரு வார்த்தைகூட இல்லை. கூழ் கொதிப்பதுபோல் ஏதோ சத்தம். முகத்தில் மட்டும் மகளுக்கு வரன் அமைந்த பெருமை அப்படியே இருக்கிறது. என் மனைவி பார்க்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டாள். "தெரியாம சிரிச்சுப்புட்டேண்ணே" என்று அந்தச் சின்னவர் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நிச்சயதார்த்தத்தில் அத்தனை பேரும் தாம்பூலத் தட்டோடு முன்னால் நின்றார்கள். சம்பந்தி வீட்டார், இவர்களெல்லாம் யார் என்று கேட்டார்கள். "என் கூடப் பிறந்தவங்க" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

சாவுக்குத் தப்பியதைவிட, அந்த வீடியோதான் இன்றும் என்னைத் திடுக்கிட வைக்கிறது. அன்று தனியாக ஓடியிருந்தால், எனக்கு ஒன்றுமே இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று நம்பிக்கொண்டே அந்தச் சாலையோரத்தில் விழுந்து கிடந்திருப்பேன்.