எங்கள் வீட்டு இலக்கத்தில் எட்டு நேயர்கள்

எங்கள் வீட்டில் அப்போது இரண்டே பேர். நானும் என் வீட்டுக்காரரும். பொலிசில் கொடுத்த படிவத்திலும் அப்படித்தான் இருந்தது. தமிழர் குடியிருக்கிற வீடென்றால் யார் யார் தங்குகிறார்கள் என்று பெயரெழுதிக் கொடுத்து, முத்திரை குத்தி வாங்கி, பிரதியைக் கையெட்டுகிற இடத்தில் வைத்திருக்க வேண்டிய யுத்த காலம். எங்கள் பிரதி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. விருந்தாளி ஒரு இரவு தங்கினால்கூடப் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும். இதெல்லாம் நன்றாகத் தெரிந்த நான்தான், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற நான்தான், அதே வீட்டில் இன்னும் எட்டுப் பேரைக் குடிவைத்தேன்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மாத்தளையில் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர் வேலை கிடைத்து வந்து, இங்கேயே என்னைக் கட்டி, அலுவிகாரையில் வீடெடுத்து இருந்துவிட்டார். ஆனால் அடையாள அட்டையில் பிறந்த இடம் மாறுமா? ஒருநாள் கண்டிக்குப் போகிற வழியில் பஸ்ஸை நிறுத்தி, அட்டையைப் பார்த்து, அவரை மட்டும் இறக்கிக்கொண்டு போனார்கள். நாலு நாள் கழித்து விட்டார்கள். அடி உதை ஒன்றுமில்லை என்றார். இருந்திருந்தாலும் என்னிடம் சொல்லியிருக்க மாட்டார். அதற்குப் பிறகு அவர் பேச்சு நின்றுவிட்டது. சாப்பாடு போதுமா என்றால் தலையாட்டுவார், சம்பளம் வந்ததா என்றால் கவரை நீட்டுவார். எனக்கோ வாய் சும்மா இருக்காது. சுவரோடு பேசிப் பேசி வெறுத்துப் போனேன்.

அவர் வாய் திறந்தது ஒரே ஒரு நேரத்தில்தான். பின்னேரம் நாலரைக்கு, மத்திய அலை வானொலியில், பழைய பாட்டுக்கென்றே ஒரு நிகழ்ச்சி இருந்தது. ரேடியோவை ஜன்னல் கட்டையில் சரித்து வைத்தால்தான் பிடிக்கும், அப்போதும் பாட்டுப் பாதி, இரைச்சல் பாதி. கந்தோரிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டு, பிளேன்டீயும் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியுமாக அதன் முன்னால் உட்காருவார். இரண்டாவது பாட்டு வரும்போது பேச ஆரம்பிப்பார். அந்தப் படத்தை எந்தக் கொட்டகையில் பார்த்தார், யாருடைய சைக்கிளில் போனார், இடைவேளையில் கடலை வாங்கிய காசை எப்படித் தொலைத்தார், எல்லாம் வரும். சிரிக்கக்கூடச் செய்வார். செய்தி தொடங்கியதும் பழையபடி வாயை மூடிவிடுவார். அந்த அரைமணி நேரம்தான் எனக்குப் புருஷன் இருந்தான் என்று வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அந்த அரைமணி நேரத்துக்கும் ஆபத்து வந்தது. ஒரு காலத்தில் அது தினமும் ஒரு மணித்தியாலம் நடந்த நிகழ்ச்சி. பண்பலை வந்ததும் வந்தது, ஊரெல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. அங்கே பாட்டு கண்ணாடி மாதிரிக் கேட்கும், உண்மைதான். நடுநடுவே இரண்டு பேர் தங்களுக்குள்ளே கெக்கலித்துச் சிரிப்பார்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியாது. எங்கள் நிகழ்ச்சி அரைமணி நேரமானது, பிறகு வாரத்தில் மூன்று நாளானது. ஒருநாள் அறிவிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நேயர்களே, உங்கள் தபாலட்டைகள் மிகவும் குறைந்துவிட்டன. கேட்பதற்கு ஆட்கள் இருக்கிறீர்களா என்று மேலிடத்தில் கேட்கிறார்கள்” என்றார். என் வீட்டுக்காரர் கருப்பட்டியைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு கட்டுத் தபாலட்டை வாங்கினேன். நாற்பது பிள்ளைகளின் கொப்பி திருத்துகிறவளுக்கு நாற்பது விதமான கையெழுத்துத் தெரியும். வலப்பக்கம் சாய்ந்த எழுத்தில் ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிளாக்கர் ஒருவர் விருப்பப் பாட்டுக் கேட்டார். குண்டு குண்டு எழுத்தில் புதிதாகக் கலியாணமான ஒருத்தி. எழுத்துப்பிழையோடு ஒரு கடைக்காரர். இப்படி எட்டுப் பேரைப் பெற்றுப் பெயர் வைத்தேன். முழு விலாசம் இல்லாத அட்டையை எடுக்க மாட்டோம் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். இல்லாத விலாசம் எழுதப் பயமாக இருந்தது. அதனால் எங்கள் வீட்டு இலக்கத்தையே போட்டு, பக்கத்தில் ஒரு கோடிழுத்து ஏ, பி, சி என்று எழுதிவிட்டேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்!

வானொலியில் விலாசத்தை வாசிக்க மாட்டார்கள். பெயரும் ஊரும்தான். அடுத்த வாரம், “அலுவிகாரையிலிருந்து” என்று தொடங்கி அறிவிப்பாளர் எட்டுப் பெயரையும் மூச்சு விடாமல் வாசித்தார். என் வீட்டுக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“இஞ்சேரும், கேட்டனீரே? எங்கட ஊரிலை இவ்வளவு பேர் கேக்கினமாம்!”

“கேட்டேங்க.”

“எனக்கு ஒருத்தரையும் தெரியாதே. ஆர் இவை?”

“யாராவது புதுசா வந்தவங்களா இருக்கும். டீயக் குடிங்க, ஆறுது.”

அன்று செய்தி தொடங்கிய பிறகும் அவர் பேசிக்கொண்டிருந்தார். அந்த மகிழ்ச்சியில் நான் வாராவாரம் எழுதினேன். நிகழ்ச்சியும் நிற்காமல் ஓடியது. அவர் அந்த எட்டுப் பேரைப் பற்றிப் பேசப் பேச எனக்கு உள்ளூர ஒரு பெருமை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைக்காமல் இல்லை. சொன்னால் அந்த முகம் வாடிவிடுமே என்று தள்ளிப் போட்டேன்.

அவர் இவர்களைத் தேடிப் போவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நாலு நாள் உள்ளே இருந்து வந்தவர், தெருவில் தலை நிமிர்ந்து நடக்காதவர், ஒரு தாளில் எட்டுப் பெயரையும் எழுதிக்கொண்டு பஸ் தரிப்புக் கடைக்குப் போயிருக்கிறார். கடைக்கார நானாவிடம் அதை நீட்டி, “இவையின்ரை வீடு எங்கை?” என்று கேட்டிருக்கிறார். நானா அன்று பின்னேரமே என்னைத் தேடிப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார்.

“டீச்சர், உங்க சேருக்குக் கொஞ்சம் சொல்லி வைங்க. இங்க அப்படி ஆக்கள் ஒருத்தரும் இல்லியே. கடையில ரெண்டு பேர் டீ குடிச்சிட்டு இருந்தாங்க. யாருன்னு எனக்குத் தெரியாது. சேர் போனதும் அந்தப் பேரெல்லாம் என்னன்னு என்கிட்டக் கேட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க நானா?”

“என்னத்தச் சொல்ல? பாட்டுக் கேக்குற ஆக்களாம்னு சொன்னேன். அவங்க நம்பின மாதிரி இல்ல.”

பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருக்கிற ஒருவர் எட்டுத் தமிழ்ப் பெயரை எழுதிக்கொண்டு ஊரில் தேடித் திரிந்தால் அதைப் பாட்டு என்று யார் நம்புவார்கள்? வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த தபாலட்டையெல்லாம் அடுப்பில் போட்டேன். அந்த வாரத்து எட்டு அட்டையும் முதல்நாள்தான் தபாலில் போயிருந்தன. பிரதான வீதியில் எந்த வாகனம் வேகம் குறைந்தாலும் கைவேலையைப் போட்டுவிடுவேன். லொறிக்காரர்கள் தேங்காய் வாங்க நிறுத்துவார்கள், அதற்கும் நான் ஜன்னலுக்கு ஓடுவேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் காலை, அவர் முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது ஜீப் வந்தது. படிவத்தை எடுத்துக் காட்டினேன். வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, மிச்சப் பேர் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். மிச்சப் பேர் யாருமில்லை, எல்லாம் நான் எழுதியது என்று சிங்களத்திலேயே கத்தினேன். யாரும் காதில் வாங்கவில்லை. பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

நானா த்ரீவீலரில் என்னைப் பொலிசுக்குக் கூட்டிப்போய் விட்டார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வாங்குப் பலகையில் உட்கார வைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டார்கள். அந்த அதிகாரிக்குத் தமிழ் நன்றாக வந்தது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மேசையில் என் தபாலட்டைகளைப் பரப்பி வைத்திருந்தார். மாத்தளைத் தபால் கந்தோரிலேயே எடுத்துவிட்டார்கள்.

“இந்த எட்டுப் பேரும் உங்க வீட்டு நம்பர்ல இருக்காங்க. படிவத்தில ரெண்டு பேர்.”

“எட்டும் நான் எழுதினது சேர். அப்படி ஆட்களே கிடையாது.”

அவர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். நான் எழுதினேன். சாய்ந்த எழுத்து, குண்டு எழுத்து, பிழையெழுத்து, ஒன்றன்பின் ஒன்றாக எட்டும். எழுத்து மாறவில்லை, பழக்கம். அவர் தாளையும் அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“டீச்சர், எட்டுக் கையால எழுதத் தெரிஞ்ச ஆள நான் எப்படி வீட்டுக்கு அனுப்புறது?”

சாட்சி சொல்ல வந்து நானே மாட்டிக்கொண்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன். பஸ்ஸிலிருந்து இறக்கியது, நாலு நாள், அவர் பேசாமல் போனது, நாலரை மணி, கருப்பட்டி, நிகழ்ச்சி நின்றுவிடும் என்று சொன்னது, எதையும் விடவில்லை. அழுகையும் வந்தது. அதிகாரி குறுக்கே பேசாமல் கேட்டார். நம்புகிறாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. கடைசியில் மேசை லாச்சியைத் திறந்து இன்னொரு தபாலட்டையை எடுத்து வைத்தார்.

“அப்ப இது?”

அதே நிகழ்ச்சிக்கு, அதே வாரம் போட்ட அட்டை. ஊர் பல்லேபொல, மாத்தளை மாவட்டம்தான். நீல மையில், நிதானமான கையெழுத்து. கேட்டிருந்த பாட்டு என் வீட்டுக்காரர் உயிரை விடுகிற பாட்டு. அட, நம்மைத் தவிர இன்னொரு ஆள் இருக்கிறாரே! எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதையே மறந்துவிட்டேன்.

“இது நான் எழுதினதில்ல சேர்! இது நெசமான ஆள்!”

“நிச்சயமா?”

“நிச்சயமா. இந்தக் கையெழுத்து என்கிட்ட கிடையாது.”

பெருமையோடுதான் சொன்னேன். கடவுளே, பெருமையோடு! அவர் அந்த அட்டையைத் தனியாக எடுத்து, விலாசத்தை ஒரு துண்டில் எழுதி, வெளியே நின்றவரைக் கூப்பிட்டு நீட்டினார். ஜீப்பை எடுக்கச் சொன்னது எனக்கு விளங்கியது. அப்போதுதான் நான் செய்த காரியமும் விளங்கியது. மறந்துவிட்டேன் சேர், அதுவும் என்னுடையதுதான் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. பிறகு, சொன்னால் மற்ற எட்டையும் நம்ப மாட்டார், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற என் மனுஷனை விட மாட்டார் என்று நினைத்தேன். ஜீப் புறப்படுகிற சத்தம் கேட்டது. நான் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணிக்கு என் வீட்டுக்காரரையும் என்னையும் விட்டார்கள். ஒரு கன்னத்தில் மயிர் மழித்தும் மறு கன்னத்தில் மழிக்காமலும் வந்தார். கேட்டைத் தாண்டும்போது ஜீப் உள்ளே வந்தது. பின்னால் ஒரு வயதானவர், சாரமும் மாறிப் பொத்தான் போட்ட சட்டையுமாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் வீட்டுக்காரர் நின்று பார்த்து, “பாவம் மனுசன்” என்றார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்து, எட்டுப் பேரும் நான்தான் என்று சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

“அப்ப ஒருத்தரும் இல்லையோ?” என்றார். அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை.

“ஒருத்தர் இருக்காருங்க. பல்லேபொலயில. அந்த அட்டைய என் கண்ணால பாத்தேன்” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. அந்த நிகழ்ச்சி அடுத்த மாதமே நின்றுவிட்டது. ஒரு சொல் சொல்லாமல், நாலரைக்கு வேறு ஏதோ வைத்துவிட்டார்கள். பல்லேபொலக்காரருக்கு என்ன ஆனது, வீட்டுக்குப் போனாரா இல்லையா என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் எனக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பார்களே என்ற பயம். பயம் போன பிறகு வெட்கம்.

என் வீட்டுக்காரர் இப்போது நன்றாகப் பேசுகிறார். வருஷத்தில் இரண்டு மூன்று தடவையாவது ஞாபகம் வந்து, “இஞ்சேரும், அந்தப் பல்லேபொல மனுசனை ஒருக்காப் போய்ப் பாப்பமே? எப்பிடி இருப்பாரெண்டு ஒரு ஆசை” என்பார். பார்க்கலாம் என்பேன். நீங்கள் அவரைப் பார்த்துவிட்டீர்கள் என்று நான் இன்னும் சொல்லவில்லை.